டிக்கெட் இல்லாத பிரயாணி

மதுவை ஒழிப்பதற்கென்றே நடத்தப்பட்ட ஒரு பத்திரிகையில், முழுநேரக் குடிகாரன் ஒருவனுடைய கதை தொடர்கதையாக வெளிவந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சிரிக்காதீர்கள். சாட்சாத் மாஸ்கோ நகரத்தில் நடந்த சமாச்சாரம் இது. பத்திரிகையின் பெயர் 'நிதானமும் பண்பாடும்'. கோர்பசேவ் 1985-ல் தொடங்கிய மது ஒழிப்பு இயக்கத்தின் சூடு முழுக்க ஆறியிராத சமயம். 1988 டிசம்பர் இதழில் தொடங்கி, மறு வருஷம் மூன்று இதழ்கள் வரை அந்தக் கதை ஓடியது. அங்கங்கே கத்திரி போட்டுத்தான் வெளியிட்டார்கள். இருந்தாலும் வெளியிட்டார்கள். எழுதி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியும் அதற்கு முன் அந்தத் தேசத்தில் அச்சேறாத கதை அது!

தொடர்கதைகள் வரும் பத்திரிகையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்தப் பத்திராதிபரின் தைரியத்தை மெச்சுகிறேன். எங்கள் ஆசிரியரிடம் இப்படி ஒரு கதாநாயகனை நான் அழைத்துக்கொண்டு போனால், கதையைக் கேட்பதற்கு முன்னால் அவனை வாயை ஊதிக் காட்டச் சொல்வார்.

கதையின் பெயர் 'மாஸ்கோ–பெத்துஷ்கி'. எழுதியவர் வெனடிக்ட் யெரஃபேயெவ். கதாநாயகனுக்கும் அதே பெயர்தான். செல்லமாக வெனிச்கா என்று தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்கிறான். (வேறு யாரும் அவனைச் செல்லமாகக் கூப்பிடுவதாகத் தெரியவில்லை. வானத்துத் தேவதைகள் மட்டும் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.)

கதை என்று பார்த்தால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை மாஸ்கோவின் கூர்ஸ்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெத்துஷ்கி என்ற சிற்றூரில் இருக்கும் காதலியைப் பார்க்கப் புறப்படுகிறான் ஒருவன். தூரம் சுமார் 125 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலில் ஏறிக் காட்பாடியில் இறங்குவதற்கு ஏறக்குறைய சமம். ஊரின் பெயருக்கு 'சின்னச் சேவல்கள்' என்று அர்த்தமாம். விளதீமிர் மாகாணத்தில் உள்ள சாதாரண ஊர்தான் அது. மாஸ்கோவிலிருந்து வரும் லோக்கல் ரயில்கள் பல அத்துடன் நின்று திரும்பிவிடும். ஆனால் வெனிச்காவைக் கேட்டால் அது ஒரு வைகுண்டம். அங்கே பூவும் பறவையும் பருவ காலம் பார்ப்பதில்லை. பிளாட்பாரத்தில், நீண்ட பின்னல் தொங்க, அவள் நின்றுகொண்டிருப்பாள். ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவனுடைய மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான். காதலிக்கு மிட்டாயும் பிள்ளைக்குக் கொட்டைப் பருப்பும் கைப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கூடவே புட்டிகளும் இருக்கின்றன. அவற்றின் பத்திரத்தைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள் போய் வந்துவிட்டான். இது பதின்மூன்றாவது. ரயில் காலை 8.16-க்கு. இதில் என்ன கதை இருக்கிறது என்று நினைக்கலாம். கதையே அவன் போய்ச் சேராததில்தான் இருக்கிறது.

புஸ்தகத்தின் அத்தியாயங்களுக்கு ஸ்டேஷன் பெயர்களே தலைப்பு. இந்த ஸ்டேஷனிலிருந்து அந்த ஸ்டேஷன் வரை ஓர் அத்தியாயம்; அங்கிருந்து அடுத்தது வரை இன்னொன்று. வாக்கியத்தின் நடுவில் ரயில் நின்றால் அத்தியாயமும் நின்றுவிடும். மீதி வாக்கியம் அடுத்த ஸ்டேஷனுக்கு. கூர்ஸ்க் ஸ்டேஷனை விட்டால் முதல் நிறுத்தத்தின் பெயர் என்ன தெரியுமோ? 'அரிவாளும் சுத்தியலும்'. ஆசிரியர் கற்பனை செய்ததல்ல. நிஜமாகவே அப்படி ஒரு ஸ்டேஷன் உண்டு. அதைத் தாண்டும்போதுதான் நம் வெனிச்கா அன்றைய தினத்தின் முதல் புட்டியைத் திறக்கிறான்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்த இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். அந்தப் பாதையில் ஒரு டிக்கெட் பரிசோதகர் வருகிறார். பெரிய மனுஷர். டிக்கெட் இல்லாதவர்களிடம் அவர் காசாக அபராதம் வாங்குவதில்லை. கிலோமீட்டருக்கு ஒரு கிராம் வோட்கா, கணக்கு சுத்தம். நம் வெனிச்காவிடம் மட்டும் அதுவும் கிடையாது. அவன் அவருக்கு உலக சரித்திரத்திலிருந்து கதை சொல்ல வேண்டும், ஆயிரத்தோர் இரவுகளில் ராஜாவுக்கு ராணி சொன்ன மாதிரி. கதை சுவாரஸ்யமான கட்டத்துக்கு வரும்போது பரிசோதகர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். பாக்கி அடுத்த வாரம். தொடர்கதையின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது!

இன்னொன்று. வெனிச்கா சில வாரம் கேபிள் பதிக்கும் கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்திருக்கிறான். அவன் நிர்வாகத்தில் வேலை எப்படி நடந்தது என்பதை விவரித்தால் இடம் போதாது. ஒரு நாள் கேபிளைக் குழியில் போடுவார்கள்; மறு நாள் அது நனைந்து கெட்டுவிட்டது என்று எடுத்தெறிவார்கள்; மற்ற நேரமெல்லாம் சீட்டும் சாராயமும். வெனிச்கா சும்மா இருக்கவில்லை. படித்தவன் அல்லவா? ஒவ்வொரு ஆளும் தினசரி எவ்வளவு குடித்தான் என்று கணக்கெடுத்து, சதுரக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைபடம் தயாரித்தான். ஒருவனுடைய கோடு இமயமலை போல் ஏறி இறங்கும். இன்னொருவனுடையது வேறு மாதிரி. பார்த்தாலே ஆளின் சுபாவம் தெரிந்துவிடும். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய உற்பத்தி உறுதிமொழிகளோடு இந்த வரைபடங்களும் தவறிப்போய்த் தபாலில் சேர்ந்துவிட்டன. மேஸ்திரி உத்தியோகம் அத்துடன் போயிற்று.

பிறகு கலவைகள். கதையின் நடுவில் ஆசாமி சமையல் குறிப்புப் பாணியில் பானங்களுக்குப் பக்குவம் சொல்கிறான். வார்னிஷ், நகப்பூச்சு, பொடுகு ஷாம்பூ, பிரேக் ஆயில், காலில் வியர்வை வராமலிருக்கப் போடும் மருந்து இத்யாதி. ஒன்றைக் குறிப்பிட்ட ஒரு கொடியின் குச்சியால்தான் இருபது நிமிஷம் கலக்க வேண்டும். வேறு கொடியால் கலக்கலாம் என்பவர்களைக் கண்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. ருஷ்ய வாசகர்கள் இந்தப் பக்கங்களை மனப்பாடமாகச் சொல்வார்களாம். முதல் தரம் படித்தபோது நானும் ரசித்தேன். அப்புறம் 2024 ஜூன் மாதம் வந்தது. கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டு போனார்கள். அந்தச் செய்திகளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்த இரவுகளுக்குப் பிறகு, மறுபடி புஸ்தகத்தை எடுத்தபோது அந்த இரண்டு மூன்று பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. இது ஆசிரியரின் குறையல்ல. கடைச் சரக்குக்குக் காசில்லாதவன் எதைக் குடிக்கிறான் என்பதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் புஸ்தகம் என் கைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். என் தகப்பனாரின் அலமாரி முழுக்க ருஷ்யப் புஸ்தகங்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்ப, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் கொள்ளை மலிவாக விற்றார்களே, அவையெல்லாம். டால்ஸ்டாய், கார்க்கி, செகாவ், துர்கனேவ். கெட்டி அட்டை, வழுவழு காகிதம். தமிழ்நாட்டில் எத்தனையோ நடுத்தர வீடுகளில் ராமாயணத்துக்குப் பக்கத்தில் 'தாய்' நாவல் இருந்ததற்கு அவர்களே காரணம். நானும் அந்த அலமாரியிலேயே வளர்ந்தவன். ருஷ்யர்கள் என்றால் நீளமான பெயர்கள் வைத்துக்கொண்டு, ஓயாமல் தேநீர் குடித்துக்கொண்டு, ஆத்மாவைப் பற்றி விசாரிப்பவர்கள் என்று ஓர் எண்ணம். தேநீர் அல்லாத விஷயம் அந்த அலமாரிக்கு வரவேயில்லை. எப்படி வரும்? அந்தக் கப்பலில் இந்தக் கதைக்கு இடமில்லை. கல்லூரியில் படிக்கும்போது, ஒரு பேராசிரியர் தம்முடைய ஆங்கிலப் பிரதியைக் கொடுத்து, "உன் அப்பாவின் அலமாரியில் இது இருக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான்.

எழுதப்பட்டது 1969-70 வாக்கில். அச்சிட வழியில்லை. ஆகவே நண்பர்கள் கார்பன் காகிதம் வைத்துத் தட்டச்சு செய்தார்கள்; அந்தப் பிரதியைப் பார்த்து இன்னொருவர் தட்டச்சு செய்தார்; அது ஊர் ஊராகப் போயிற்று. முதலில் அச்சேறியது இஸ்ரேலில், 1973-ல், ஒரு ருஷ்ய மொழிச் சஞ்சிகையில். பிறகு 1977-ல் பாரிஸில் புஸ்தகமாக வந்தது. சொந்த ஊரில் அச்சேறுவதற்குத்தான் மதுவிலக்குக்காரர்கள் வர வேண்டியிருந்தது. ஆசிரியர் இதை நாவல் என்றே சொல்லவில்லை. 'காவியம்' என்று போட்டிருக்கிறார். கோகல் தமது 'இறந்த ஆத்மாக்க'ளை அப்படித்தான் அழைத்தார், 1842-ல். அதுவும் ஊர் சுற்றும் ஓர் ஆசாமியின் கதைதான்.

குறை இல்லாத புஸ்தகமா என்றால், இல்லை. பிற்பகுதியில் வெனிச்கா தூக்கத்தில் ஒரு புரட்சி நடத்துகிறான். நார்வே தேசத்தின் மேல் யுத்தப் பிரகடனம்கூடச் செய்கிறான். அங்கே அந்த நாட்டுப் பாடப் புஸ்தகங்களையும் தலைவர்களின் பிரசங்கங்களையும் கேலி செய்யும் வரிகள் ஏராளம். அவற்றைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே அவை பூராவும் விளங்கும். நமக்கு அந்தப் பக்கங்கள் கொஞ்சம் நீளம்தான்.

யெரஃபேயெவின் வாழ்க்கை, கதையைவிடக் குறைந்த கோணல் உள்ளதல்ல. 1938-ல் வட துருவ வட்டத்துக்கும் அப்பால், கோலா தீபகற்பத்தில் பிறந்தவர். தகப்பனார் ஸ்டேஷன் மாஸ்டர். (அத்தியாயங்களுக்கு ஸ்டேஷன் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதல்லவா?) அந்த ஸ்டேஷன் மாஸ்டரை 1945-ல் சர்க்கார் விரோதப் பேச்சுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை அநாதை விடுதிக்குப் போக நேர்ந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தங்கப் பதக்கம். 1955-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையில் இடம். 1957-ல் ராணுவப் பயிற்சி வகுப்புக்குப் போகாததால் வெளியே அனுப்பினார்கள். பிறகு வேறு ஊர்களில் ஆசிரியர் கல்லூரிகள், அங்கும் நிலைக்கவில்லை. மூட்டை தூக்கினார், கொத்தனாருக்குச் சிற்றாளாக இருந்தார், பாய்லர் அறையில் கரி தள்ளினார், பத்து வருஷம் தேசம் முழுக்கத் தொலைபேசிக் கேபிள் பதித்தார். பெத்துஷ்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய முதல் மனைவி வாழ்ந்தார். 1966-ல் பிள்ளை பிறந்தான். ஆக, ரயிலும் நிஜம்; ஊரும் நிஜம்; பிள்ளையும் நிஜம்.

கதை எப்படி முடிகிறது என்பதைச் சொல்லாமல் விடலாம்; ஆனால் சொல்லாவிட்டால் நான் எழுத வந்த விஷயத்தை எழுத முடியாது. ஆகவே மன்னிக்க வேண்டும். பாதி வழியில் கைப்பெட்டி மாயமாகிறது. மிட்டாயும் பருப்பும் போயின. அவன் தூங்கி விழித்தால் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. காலையில் புறப்பட்ட ரயிலுக்கு எப்படி இருட்டு வரும்? அவனுக்குப் புரியவில்லை, நமக்கு மெல்லப் புரிகிறது. ரயில் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெத்துஷ்கி என்று நினைத்து இறங்குகிறான். பிளாட்பாரத்தில் ஒருவரும் இல்லை. தெருத் தெருவாக அலைகிறான். எதிரில் ஒரு பெரிய கோட்டைச் சுவர். கிரெம்ளின்! எத்தனையோ வருஷம் மாஸ்கோவில் திரிந்தும் அவன் கண்ணில் படாத கிரெம்ளின். முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிப் புலம்பியிருப்பான். எப்போது தேடினாலும் கால்கள் அவனைக் கூர்ஸ்க் ஸ்டேஷனில் கொண்டு விடும். இன்றைக்கு ஸ்டேஷன் வேண்டும் என்று தேடுகிறான்; கிரெம்ளின் வந்து நிற்கிறது. முன்பின் தெரியாத நான்கு பேர் துரத்துகிறார்கள். யாரோ ஒரு வீட்டின் மாடிப்படியில் அவனைப் பிடித்து, செருப்புத் தைக்கிற ஊசியைத் தொண்டையில் பாய்ச்சுகிறார்கள். அத்துடன் சரி.

எழுதிப் பதினைந்து வருஷம் கழித்து, 1985-ல், ஆசிரியருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையில் குரல் போயிற்று. கழுத்தில் ஒரு சிறு கருவியை வைத்து அதன் மூலம்தான் கடைசி வரை பேசினார். 1986-ல் பாரிஸில் வைத்தியம் பார்க்க அழைப்பு வந்தது. சர்க்கார் அனுப்ப மறுத்தது. காரணம், அவருடைய வேலைப் புஸ்தகத்தில் 1963-ல் நாலு மாத இடைவெளி இருந்ததாம்! அந்த நாலு மாதம் என்ன செய்தாய் என்று, இருபத்துமூன்று வருஷம் கழித்து, பேச்சு போன மனிதரிடம் கணக்குக் கேட்டார்கள். கதைக்குள் இதை எழுதியிருந்தால், "கொஞ்சம் மிகை" என்று நானே அடித்திருப்பேன். 1990 மே மாதம் 11-ந் தேதி காலமானார்.

இப்போது என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தாயாரின் தமையன். திருச்சியில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதினார். குடும்பம் கும்பகோணத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. சனிக்கிழமை மாலை பஸ் ஏறித் தஞ்சாவூர் வழியாக ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். அத்தை ஏழரைக்கே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். பெண் தூங்கிவிடுவாள் என்று துணைக்கு என்னையும் அனுப்புவார்கள். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். சில வாரம் மாமா வருவார். சில வாரம் மாமா வரமாட்டார். பொட்டலம் மட்டும் வரும். "சார் தஞ்சாவூர்லயே எறங்கிட்டாரும்மா. இதைப் பாப்பாகிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று கண்டக்டர் தேங்காய் பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டுவார். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி என்ன கடை இருந்தது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

குடித்திருந்தால் மாமாவைப் போல மரியாதை தெரிந்தவர் கிடையாது. விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டால், "தப்பா நினைக்கப்படாது" என்று அதைக் கும்பிடுவார். நாய்க்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்பார். இவையெல்லாம் எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் தமாஷ்கள். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் சேர்ந்தால் யாராவது மாமா மாதிரி நடித்துக் காட்டுவார்கள். 2003-ல் மாமா போய்ச் சேர்ந்தார், ஐம்பதுகூட ஆகவில்லை. தமாஷ்கள் போகவில்லை.

வெனிச்காவை முதன்முதலில் சந்தித்தபோது எனக்கு இந்த மரியாதைதான் அடையாளம் தெரிந்தது. அவனும் அப்படித்தான். சங்கோசி. எந்த அளவுக்கு என்றால், கூடத் தங்கியிருந்தவர்கள் எதிரில் எழுந்து கொல்லைப்புறம் போகவே கூச்சப்படுகிறவன். 'இவன் நம்மைவிடத் தன்னை உசத்தியாக நினைக்கிறான்' என்று அவர்கள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவரிடமும் கடிந்து பேசமாட்டான். விடியற்காலையில் ஸ்டேஷன் ஹோட்டலில் பணிவாக ஒரு கிண்ணம் மது கேட்டு, கழுத்தில் கை வைத்து வெளியே தள்ளப்படுகிறான், அப்போதும் பணிவுதான். உலகம் முரட்டுத்தனமானது, தான் மட்டும் அதைச் சத்தமில்லாமல் கடந்து போய்விட வேண்டும் என்று நினைக்கிறவன். புஸ்தகம் முழுவதும் நம்மைச் சிரிக்க வைப்பது இந்தச் சாதுத்தனம்தான். அவன் குடிக்கிறானே என்று நாம் கோபப்படாமல் நூற்றுச் சொச்சம் பக்கம் கூடவே போவதற்கும் இதுதான் காரணம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்த மிஷினை வைத்துத்தான் பெண்ணை பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தாள். பரிசோதகர் கிராம் கணக்குப் போட்ட இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கேபிள் வரைபடத்துக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்க மாமா கணக்குப் புஸ்தகத்தை நான் பாத்திருக்கேன்டா, அதுவும் இமயமலைதான்" என்றாள். பெட்டி காணாமல் போன இடம் வந்ததும் பாபினை மாற்ற ஆரம்பித்தாள். முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"பிளாட்பாரத்திலே நின்னாளே, பின்னல் போட்டுண்டு. அவ."

நான் யோசித்தேன். அவளுக்குப் பெயரே கிடையாது. புஸ்தகத்தில் பரிசோதகருக்குப் பெயர் இருக்கிறது. ரயிலில் ஏறி இறங்கும் கிழவனுக்குப் பெயர் இருக்கிறது. கலவைப் பானங்களுக்கெல்லாம் அழகழகான பெயர்கள் இருக்கின்றன. காதலிக்கு மட்டும் இல்லை. அவளுடைய கண், இமை, பின்னல் எல்லாவற்றையும் பற்றிப் பாட்டாகவே பாடுகிறான், பெயரைச் சொல்லவில்லை. அவள் அங்கே உண்மையில் நிற்கிறாளா என்பதற்கே அவன் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. இதை வைத்துக்கொண்டு அவள் நிஜமான பெண்ணே அல்ல, அடைய முடியாத சொர்க்கத்தின் உருவகம் என்று கெட்டிக்காரத்தனமாக எழுதுவார்கள், அப்படியும் எழுதலாம்தான். அத்தைக்கு அந்த விளக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ஓகோ" என்றாள். ஊசியில் நூல் கோத்தாள். "நானும் அப்போ உருவகமாத்தான் நின்னிருக்கேன், பஸ் ஸ்டாண்டிலே" என்றாள்.

அன்று ராத்திரி புஸ்தகத்தை மறுபடி புரட்டினேன். ரயிலுக்குள் உட்கார்ந்தே எழுதப்பட்ட கதை இது. பிளாட்பாரத்தில் நிற்பவளின் பக்கத்திலிருந்து ஒரு வரி கிடையாது. அதற்காக ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் காக்க வைக்கிறோம் என்பது வெனிச்காவுக்குத் தெரிகிறது. அதனால்தான் புட்டிகளோடு புட்டியாக அந்த மிட்டாயைச் சுமக்கிறான். ஒவ்வொரு மிடறுக்கும் முன்னால் அவனுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நிறுத்தவும் முடியவில்லை, போவதை விடவும் முடியவில்லை. பதின்மூன்றாவது வெள்ளிக்கிழமையும் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ளப் பார்க்கிறான். மாமாவும் தஞ்சாவூரில் இறங்குவதற்கு முன்னால் கண்டக்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். எங்கள் வீட்டுத் தமாஷ்களில் அந்தப் பொட்டலம் வருவதில்லை.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. வெனிச்காவின் பிள்ளைக்கு மூன்று வயது என்றேனல்லவா? அந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்துத் தெரியும். ஒன்றே ஒன்று. ருஷ்ய நெடுங்கணக்கில் மொத்தம் முப்பத்துமூன்று எழுத்துகள். அவற்றில் கடைசிக்கு முந்தியதான 'யூ'. முதல் எழுத்துத் தெரியாது. அது மட்டும் தெரியும். அப்பன் வந்து கொட்டைப் பருப்புக் கொடுப்பது அந்த எழுத்தைச் சொன்னதற்குப் பரிசு. வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார், முன்பக்கங்களில் எங்கோ. கடைசிப் பக்கத்தில், தொண்டையில் ஊசி பாய்ந்து நினைவு தப்பும்போது, வெனிச்காவின் கண்ணுக்குள் எது வருகிறது தெரியுமா? காதலியின் பின்னல் அல்ல. கிரெம்ளின் அல்ல. சிவப்பாக, கெட்டியாக அந்த 'யூ'தான் வந்து பரவுகிறது. எத்தனையோ தரம் படித்தும் நான் அதை ரத்தத்தின் நிறம் என்று மட்டும் எண்ணித் தாண்டியிருந்தேன்.

மாஸ்கோவில் ஒரு சிறு சதுக்கத்தில் இப்போது இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டேஷன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கும் வெனிச்கா. கொஞ்ச தூரத்தில் நீண்ட பின்னலோடு அவள். கதையில் 125 கிலோமீட்டர். சிற்பிகள் சில அடி தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறு நாள் காலை அத்தைக்குக் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள். அந்த எழுத்து விவரத்தையும் சொன்னேன். ஆசிரியர் பிள்ளையை மறந்துவிடவில்லை, கடைசி மூச்சில் அவன் கற்ற எழுத்துதான் தெரிகிறது என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

அத்தை கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது சரி. பாக்கி முப்பத்திரண்டு எழுத்தையும் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.